ராட்டினத்தில் ஏறும் முன் பெல்ட்டை பாருங்க! சென்னை பொழுதுபோக்கு பூங்காக்களில் ஒரு ரவுண்டு

சென்னை:

2025 மே 27. செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

லீவு முடிவதற்குள் பிள்ளைகளுக்கு ஒரு நாள் ஜாலி என்று, ஈஞ்சம்பாக்கத்தில் கிழக்கு கடற்கரை சாலையோரம் உள்ள ஒரு பூங்காவுக்கு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். சாயங்கால நேரம். ஒரு ராட்சத ராட்டினம் 30-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு மேலே போனது.

போனது போனதுதான். இறங்கவில்லை.

பெண்கள், குழந்தைகள் உள்பட எல்லோரும் அந்தரத்தில் மாட்டிக்கொண்டார்கள். இருட்டிவிட்டது. கீழே உறவுக்காரர்கள் தவிக்க, மேலே இருந்தவர்கள் செல்போனில் படம் எடுத்து உதவி கேட்டார்கள். தீயணைப்பு வீரர்கள் உயரமான ஏணி வண்டியோடு வந்து, ஒவ்வொருவராக இறக்கினார்கள். எல்லோரும் தரைக்கு வந்து சேர சுமார் 3 மணி நேரம் ஆகிவிட்டது.

யாருக்கும் உயிருக்கு ஆபத்து இல்லை. அந்த மட்டில் நிம்மதி.

ஆனால் மறுநாள் சென்னையில் எல்லா வீட்டு அம்மாக்களும் கேட்டது ஒரே கேள்விதான். "நம்ம பிள்ளையை இனிமே அங்க அனுப்பலாமா, வேண்டாமா?"

அனுப்பாமல் இருக்க முடியாது. பிள்ளைகள் விடமாட்டார்கள். அதனால் எங்கே என்ன இருக்கிறது, எதில் ஏறலாம், எதை பார்த்துவிட்டு ஏற வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

தீவுத்திடல்

ராட்டினம் என்றதும் பழைய சென்னைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது தீவுத்திடல்தான். கோட்டைக்கும் மவுண்ட் ரோட்டுக்கும் நடுவே, கூவம் சுற்றி ஓடும் மைதானம்.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அங்கே பல பத்தாண்டுகளாக சுற்றுலா, தொழில் பொருட்காட்சியை நடத்தி வந்திருக்கிறது. 2025 தொடக்கத்திலும் நடந்தது. பொங்கலை ஒட்டி ஆரம்பித்தால் கிட்டத்தட்ட 2 மாதத்துக்கு மேல் ஓடும். ஆபீஸ் விட்டு வரும் குமாஸ்தா, கடையை சீக்கிரம் கட்டிவிட்டு வரும் வியாபாரி, பேருந்தில் பிள்ளைகளை அள்ளிப்போட்டு வரும் குடும்பத்தலைவி என்று கூட்டம் நெரியும்.

உள்ளே நுழைந்தால் அரசுத் துறைகளின் அரங்குகள் வரிசையாக நிற்கும். போலீஸ் துறை, வனத்துறை, விவசாயம், மீன்வளம், பொதுப்பணித்துறை. அணையை மாதிரி செய்து தண்ணீர் விட்டுக் காட்டுவார்கள். வனத்துறை அரங்கில் காடும் புலியும் இருக்கும். அறநிலையத் துறை அரங்கில் கோவில் மாதிரியை செய்து வைத்தால், பாட்டிமார்கள் பொருட்காட்சி என்பதையே மறந்து கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

இன்று "தீம்" என்று பெரிதாக பேசுகிறார்களே, அதை நம்ம ஊர் பொருட்காட்சி எப்போதோ செய்துவிட்டது. பெயர்தான் வேறு.

அரங்குகளை தாண்டினால் சத்தம் ஆரம்பம். ராட்சத ராட்டினம், குடை ராட்டினம், முன்னும் பின்னும் ஆடும் கொலம்பஸ் கப்பல், வயிற்றைக் கலக்கும் டோரா டோரா, பேய் வீடு. கையில் முறம் சைஸ் டெல்லி அப்பளம். மேலே மிளகாய்த் தூள். மூக்கில் தண்ணி வந்தாலும் விடமாட்டார்கள்.

மரணக் கிணறு

குடும்பத்தோடு பார்க்கிற காட்சிகளில் மரணக் கிணற்றுக்கு ஈடு கிடையாது.

பலகைகளை சேர்த்து கட்டிய பெரிய உருளை. மேலே விளிம்பில் ஜனங்கள் சுற்றி நிற்பார்கள். கீழே ஒருவர் மோட்டார் சைக்கிளை உறுமவிடுவார். சாய்வான பலகையில் வேகம் பிடித்து, அப்படியே செங்குத்துச் சுவரில் ஏறி விடுவார். பிறகு கார் ஏறும். கையை விடுவார்கள். விளிம்பில் நிற்பவர் நீட்டுகிற ரூபாய் நோட்டை ஓட்டிக்கொண்டே பிடுங்கிக்கொண்டு போவார்கள்.

இதில் மாயம் எதுவும் இல்லை. வேகமாக வட்டமடிக்கும் வண்டியை சுவர் உள்பக்கமாக தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த அழுத்தத்தில் டயர் பலகையை கவ்விப் பிடிக்கிறது. வேகம் இருக்கும்வரை வண்டி விழாது. வேகம் குறைந்தால் அடுத்த நொடி தரையில்.

அதாவது இன்ஜின் ஒரு தடவை இருமினால் போதும். அந்த மனிதர் நாள் முழுக்க அதை நம்பித்தான் சுற்றுகிறார். நோட்டு நீட்டுகிறவர்கள் 10 ரூபாயோடு நிறுத்தாமல் கொஞ்சம் தாராளமாக நீட்டலாம்.

அன்று நடந்த கோரம்

பொருட்காட்சிக் கூட்டம் சென்னைக்கு புதிதல்ல. இன்று சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் ரிப்பன் மாளிகை இருக்கும் பகுதியில் அந்தக் காலத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்று ஒரு பெரிய பூங்கா இருந்தது. 1855-ல் தொடங்கிய மிருகக்காட்சி சாலையும் பிறகு அங்கேதான் இருந்தது. 1985-ல் வண்டலூருக்கு போனதும் அதுதான்.

அந்த பார்க்கில் வருஷக் கடைசியில் கண்காட்சி நடக்கும். 1886 டிசம்பர் 31-ம் தேதி கண்காட்சியில் தீ பிடித்தது. புத்தாண்டு பார்க்க வந்த கூட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் கருகிச் செத்தார்கள்.

இன்று அந்த வழியாக தினமும் லட்சம் பேர் நடக்கிறார்கள். யாருக்கும் அது தெரியாது.

சிரிக்காத ஆள்

தீவுத்திடல் சீசனுக்கு மட்டும்தான். வருஷம் முழுக்க போகிற மாதிரி சென்னைக்காரர்களுக்கு ஒரு இடத்தை காட்டியது வி.ஜி.பி. தங்கக் கடற்கரை.

வி.ஜி.பன்னீர்தாஸ் என்றால் பழைய ஆட்களுக்கு தவணை முறைதான் நினைவுக்கு வரும். ரேடியோ, மின்விசிறி என்று மாதச் சம்பளக்காரர் எட்டி நின்று பார்த்த சாமானை எல்லாம் தவணையில் கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்தவர். ஈஞ்சம்பாக்கம் பக்கம் வெறும் மணலாகக் கிடந்த கடற்கரையை அவர் பூங்காவாக்கினார். சினிமாக்காரர்கள் அங்கே போய் டூயட் எடுத்துத் தள்ளினார்கள். அதை பார்த்து ஜனங்கள் போனார்கள்.

அங்கே ராட்டினத்தைவிட பேர் வாங்கியவர் ஒரு மனிதர். சிலை மனிதன்.

முறுக்கு மீசை. அரண்மனை காவலாளி டிரஸ். ஆடமாட்டார், அசையமாட்டார். லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் ஆடாமல் நிற்கும் காவலர்களை பார்த்து வந்த யோசனை என்பார்கள். அவரை சிரிக்க வைத்தால் பரிசு என்று அறிவிப்பு. அவ்வளவுதான், ஊரே கிளம்பி வந்துவிட்டது.

குரங்கு சேஷ்டை செய்து பார்ப்பார்கள். வடிவேலு மாதிரி பேசிப் பார்ப்பார்கள். கல்லூரிப் பையன்கள் கும்பலாக நின்று கடி ஜோக் சொல்வார்கள். பல்லு போன தாத்தா ஒருவர் ஆடிக் காட்டுவார், அவர் பேரன் பேத்தி எல்லாம் உருண்டு சிரிக்கும். சிலை மனிதன் மட்டும் சிரிக்க மாட்டார். கொசு கடித்தாலும் கை போகாது.

பார்க்கிறவர்களுக்கு அது 5 நிமிஷ வேடிக்கை. நிற்கிறவருக்கு அது வேலை. 30 வருஷத்துக்கு மேல் அப்படி நின்றிருக்கிறார். நாள் முழுக்க கடையில் நின்று கால் வீங்குகிற துணிக்கடை ஊழியர்களை கேட்டால் தெரியும், அசையாமல் நிற்பது என்றால் என்னவென்று. அவர்களாவது ஒரு காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொள்ளலாம்.

2020-ல் கொரோனா ஊரடங்கில் பூங்காக்கள் எல்லாம் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது, சிலை மனிதன் செத்துப்போனார் என்று வாட்ஸ்அப்பில் யாரோ கொளுத்திப் போட்டார்கள். படம் போட்டு, மாலை போட்டு, கண்ணீர் அஞ்சலி வரை போய்விட்டது. கடைசியில் பார்த்தால் மனிதர் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கிறார்!

வதந்தி கிளப்பினவனை பிடித்து ஒரு நாள் அந்த வேஷத்தில் நிற்க வைத்தால் சரியாக இருக்கும்.

தலைக்கு மேலே சுறா

அதே வளாகத்தில் பிறகு பனி உலகம் வந்தது. வெளியே அக்னி நட்சத்திரம் கொளுத்தும். உள்ளே கம்பளிக் கோட்டும் பூட்சும் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் ஐஸை வாரி எறிந்துகொள்ளும். அதுகளுக்கு சொர்க்கம். முட்டி வலி உள்ள பெரியவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்வது உத்தமம்.

2019-ல் மீன் காட்சியகம் திறந்தார்கள். தொட்டியில் மீன் பார்க்கிற பழைய கதை இல்லை. கண்ணாடிக் குகைக்குள் நாம் நடக்கிறோம். இரண்டு பக்கமும், தலைக்கு மேலும் தண்ணீர். மழைக்காடு, மலை இடுக்கு, அலையாத்திக் காடு, கடலோரம், ஆழ்கடல் என்று 5 பகுதிகளாக பிரித்திருக்கிறார்கள். ஆற்று மீனில் ஆரம்பித்து சுறாவில் முடிகிறது. திருக்கை மீன் தலைக்கு மேலே துணி காயப்போட்ட மாதிரி மிதந்து போகிறது.

ராட்டினம் என்றாலே தலைசுற்றுகிறவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், வயசானவர்கள் எல்லோரும் சேர்ந்து பார்க்கக் கூடியது இதுதான். பெல்ட்டும் வேண்டாம், பயமும் வேண்டாம்.

முட்டுக்காடு பக்கம்

இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் முட்டுக்காடு. அங்கே தட்சிணசித்ரா. 1996-ல் திறந்தது.

இதை பூங்கா என்றும் சொல்லலாம், அருங்காட்சியகம் என்றும் சொல்லலாம். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா என்று 4 பகுதி. ஒவ்வொன்றிலும் அந்த ஊர் வீடுகள். அட்டையில் செய்த செட்டிங் அல்ல. இடிக்கப் போகிற நிலையில் இருந்த நிஜமான பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, கதவு, தூண், ஓடு என்று கழற்றி, லாரியில் கொண்டுவந்து மறுபடி பூட்டியிருக்கிறார்கள்.

செட்டிநாட்டு வணிகர் வீடு இருக்கிறது. அக்ரகார வீடு இருக்கிறது. கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் வீடு மரத்தால் இழைத்து நிற்கிறது. கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீட்டில் தறி இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து பார்த்த பெரியவர்கள், "எங்க தாத்தா வீடு இப்படித்தான் இருந்துச்சு, பங்கு பிரிச்சு வித்துட்டோம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதை கேட்பதற்கு தனி டிக்கெட் கிடையாது.

பிள்ளைகளுக்கு குயவர் சக்கரத்தில் கை வைத்து பானை பிடிக்கலாம். பொம்மலாட்டம் பார்க்கலாம். கிளி ஜோசியம்கூட உண்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை. தெரியாமல் போய் கேட்டைப் பார்த்துவிட்டு திரும்புகிறவர்கள் வாராவாரம் இருக்கிறார்கள்.

அதையும் தாண்டினால் வடநெம்மேலியில் 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணை. முதலை வாயைத் திறந்துகொண்டு மணிக்கணக்கில் கிடக்கும். பொம்மை என்று நினைத்து கல்லை எறிகிற புத்திசாலிகள் இன்னும் இருக்கிறார்கள்.

அலை வருது, ஓடு!

தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா 1995-ல் வந்தபோது அது பெரிய பேச்சு. ஆரம்பித்தவர் நவோதயா அப்பச்சன். 1984-ல் இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்தவர். தியேட்டரில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நம் மூக்குக்கு நேரே ஐஸ்கிரீம் நீட்டியதை பார்த்து கை நீட்டிய தலைமுறைக்கு அவர் பேர் மறக்காது. ராமாயணத்து வானரங்களின் ராஜ்யத்தின் பேரை பூங்காவுக்கு வைத்ததே பாதி விளம்பரம்.

பள்ளிக்கூடத்து டூர் என்றால் பஸ் பஸ்ஸாக பிள்ளைகள் இறங்கும். அலைக் குளத்தில் விழுந்தால் எழுந்திருக்காது.

அலைக் குளத்தில் அலை எப்படி வருகிறது? குளத்தின் ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் அறைகள் இருக்கும். மோட்டார் விசிறி அந்த அறைக்குள் காற்றை அடிக்கும். காற்று தண்ணீரை கீழே அமுக்கும். காற்றை விட்டதும் தண்ணீர் எழும்பும். மாறி மாறி அமுக்கி விட்டால் குளம் முழுக்க அலை. ரொம்ப சாதாரண வித்தை.

ஆபத்தும் அங்கேதான். அலை வரும்போது நூறு பேர் கத்துகிறார்கள், கையைத் தூக்குகிறார்கள். சந்தோஷத்தில் கை தூக்குகிறவன் யார், மூச்சுமுட்டி கை தூக்குகிறவன் யார் என்று கரையில் நிற்பவருக்கு உடனே தெரியாது. சின்னப் பிள்ளையை விட்டுவிட்டு அப்பா செல்பி எடுக்கப் போகிற இடம் அது அல்ல.

புதுசு

பழைய மகாபலிபுரம் சாலையில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா 2025 டிசம்பர் 2-ம் தேதி பொதுமக்களுக்கு திறந்தது. இவர்கள் 2000-ல் கொச்சியில் வீகாலேண்ட் என்று ஆரம்பித்தவர்கள். வி-கார்டு ஸ்டெபிலைசர் விற்ற அதே முதலாளி. பிறகு பெங்களூரு, ஐதராபாத், புவனேஸ்வரம் என்று போய் கடைசியில் சென்னைக்கு வந்தார்கள். செலவு 611 கோடி ரூபாய். சுமார் 64 ஏக்கர். 43 விளையாட்டுகள்.

அதில் தஞ்சோரா என்று ஒரு ரோலர் கோஸ்டர். சாதாரணமாக தண்டவாளத்துக்கு மேலே பெட்டி ஓடும். இதில் தண்டவாளம் தலைக்கு மேலே. நாம் கீழே தொங்குகிறோம். கால் அந்தரத்தில் ஆடும். செருப்பை கழற்றி வைத்துவிட்டு ஏற வேண்டும். மறந்தவர் செருப்பு எங்கே விழும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

திறந்தபோது பெரியவருக்கு டிக்கெட் 1,489 ரூபாயில் தொடங்கியது. சின்னப் பிள்ளைகளுக்கு கொஞ்சம் குறையும். இருந்தாலும் புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் போய்வர, பெட்ரோல், சாப்பாடு, லாக்கர் வாடகை எல்லாம் சேர்த்தால் ஒரு குமாஸ்தா வீட்டு மளிகை பில் போய்விடும்.

இதில் வரி வேறு. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது பொழுதுபோக்கு பூங்கா டிக்கெட்டை சூதாட்ட கிளப்போடு சேர்த்து 28 சதவீதத்தில் வைத்தார்கள். பிள்ளை ராட்டினம் ஏறுவதும் பெரியவர் சீட்டாடுவதும் ஒன்றா என்று கூச்சல் கிளம்பியது. 2018 ஜனவரியில் 18 ஆக இறங்கியது.

உயிரோடு விளையாட்டு

சரி. காசு கொடுத்தாச்சு. உள்ளே போயாச்சு. பத்திரமா?

சென்னையைச் சுற்றி நடந்ததை மட்டும் பார்க்கலாம்.

2012 ஜூன். பூந்தமல்லி அருகே ஒரு பூங்கா. தோழிகளோடு வந்த ஒரு விமானப் பணிப்பெண் சுற்றும் ராட்டினத்தில் இருந்து விழுந்து இறந்தார். இளம் வயது.

2016 மே. தாம்பரம் அருகே ஒரு பூங்கா. ராட்டினத்தை சோதனை ஓட்டம் விட்டார்கள். ஏறியது ஊழியர்கள். ராட்டினம் சரிந்து ஓர் ஊழியர் செத்தார். பலருக்கு காயம். காலியாக ஓட்டியிருந்தால், மணல் மூட்டையை ஏற்றி ஓட்டியிருந்தால், அவர் சாயங்காலம் வீட்டுக்கு போயிருப்பார்.

2019 ஜூன். மறுபடி பூந்தமல்லி பக்கம். உயரத்தில் இருந்து ஆட்களோடு சரேலென்று இறங்கும் கோபுர ராட்டினத்தில் இரும்புக் கயிறு அறுந்தது. தரைக்கு பக்கத்தில் வந்திருந்ததால் பிழைத்தார்கள். அந்த வீடியோவை பார்க்காத சென்னைக்காரர் இல்லை.

அடுத்த மாதமே, 2019 ஜூலை 14. ஆமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊஞ்சல் மாதிரி ஆடும் ராட்டினம் குழாயோடு முறிந்து விழுந்தது. 2 பேர் சாவு. 29 பேர் காயம்.

ஒவ்வொரு தடவையும் நடப்பது ஒன்றுதான். பூங்காவுக்கு பூட்டு. அதிகாரிகள் ஆய்வு. சில நாள் பரபரப்பு. அப்புறம் அடுத்த லீவு வந்துவிடும்.

ஏன் அந்த கண்டிஷன்?

டிக்கெட்டில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் கண்டிஷனை யாரும் படிப்பதில்லை. ஆபரேட்டரோடு சண்டைதான் போடுகிறார்கள்.

"இத்தனை உயரம் இருந்தால்தான் ஏறலாம்" என்று ஒரு கோடு போட்டு வைத்திருப்பார்கள். பிள்ளை ஒரு விரற்கடை குறைவாக இருக்கும். அப்பா செருப்போடு நிறுத்துவார். "அட, ஏத்துப்பா, நான் பிடிச்சுக்கிறேன்" என்பார். பிடித்துக்கொள்ள முடியாது. மடியை அமுக்கும் அந்த இரும்புக் கம்பி பெரிய உடம்பில் போய் நின்றுவிடும். பக்கத்தில் ஒல்லிப் பிள்ளைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ராட்டினம் தலைகீழானால் பிள்ளை அதன் வழியாக நழுவும். கோடு போட்டது அதற்குத்தான்.

காட்டன் சேலையோடு, வேட்டியோடு தண்ணீரில் இறங்கக்கூடாது என்றால் கோபம் வருகிறது. நூலும் பஞ்சும் பிரிந்து தண்ணீர் வடிகட்டியை அடைக்கும். ஈரச் சேலை சறுக்கலில் காலைச் சுற்றும்.

துப்பட்டாவும் அவிழ்த்த தலைமுடியும் அதைவிட மோசம். 2020 அக்டோபரில் ஐதராபாத்தில் சின்ன ரேஸ் கார் ஓட்டப் போன ஓர் இளம்பெண்ணின் தலைமுடி சக்கரத்தில் சிக்கி உயிரே போனது. பின்னலைச் சுருட்டி ஹெல்மெட்டுக்குள் வைக்க ஒரு நிமிஷம் ஆகாது.

நெஞ்சு வலிக்காரர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், முதுகு ஆபரேஷன் ஆனவர்கள் ஏறாமல் இருப்பதற்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

திருவிழா ராட்டினம்

பெரிய பூங்காக்களில் தினமும் காலையில் ஆள் இல்லாமல் ஓட்டிப் பார்க்கிறார்கள். கணக்கு எழுதுகிறார்கள். மாரியம்மன் திருவிழாவுக்கும் சர்ச் திருவிழாவுக்கும் வருகிற ராட்டினம்தான் வயிற்றைக் கலக்குகிறது.

இந்த வாரம் ஓர் ஊர். அடுத்த வாரம் இன்னோர் ஊர். லாரியில் ஏற்றி, இறக்கி, ஒவ்வொரு தடவையும் போல்ட் நட்டை மறுபடி முடுக்குகிறார்கள். இரவோடு இரவாக. நிற்கிற தரை ஒரு ஊரில் கெட்டி, இன்னோர் ஊரில் களிமண். அடியில் நாலு மரக்கட்டை. போல்ட் போக வேண்டிய இடத்தில் ஆணி இருந்தாலும் ஏறுகிறவருக்கு தெரியவா போகிறது? வண்ண விளக்கு அதை மறைத்துவிடும்.

பூங்கா நடத்துவதற்கு போலீஸ், தீயணைப்பு, பொதுப்பணித்துறை, உள்ளாட்சி என்று பல கதவைத் தட்டி அனுமதி வாங்க வேண்டும். பல கதவு என்பதால் ஒரு வசதியும் இருக்கிறது. ஏதாவது ஆகிவிட்டால், அந்தக் கதவு, இந்தக் கதவு என்று கை காட்டிக்கொள்ளலாம். ராட்டினத்தை கடைசியாக பார்த்தது யார், எந்தத் தேதியில் என்று வாசலிலேயே பெரிய எழுத்தில் போர்டு வைத்தால் என்ன? லிப்டுக்கு லைசென்ஸ் மாட்டி வைக்கிறார்களே!

2024 மே 25-ம் தேதி குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் விளையாட்டுக் கூடம் ஒன்று தீப்பிடித்து எரிந்ததே, அங்கே தீயணைப்பு துறையின் அனுமதியே இல்லை. டிக்கெட் 99 ரூபாய் என்று சலுகை போட்டதால் கூட்டம் சேர்ந்திருந்தது. 27 பேர் போனார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. சென்னையில் மால்களில் இப்போது அதே மாதிரி விளையாட்டுக் கூடங்கள் பெருகிக் கிடக்கின்றன. உள்ளே போனதும் முதலில் அவசர வழி எங்கே என்று கண்ணால் பார்த்து வையுங்கள். அந்த வழியில் உடைந்த நாற்காலியை அடுக்கி வைத்திருந்தால் சண்டை போடுங்கள். சண்டை போட வேண்டிய இடம் அதுதான்.

பர்ஸ் பத்திரம்

கூட்டம் உள்ள இடத்தில் பிக்பாக்கெட்டும் இருப்பான். சிலை மனிதனையோ மேடை டான்சையோ வாயைப் பிளந்து பார்க்கிற நேரம்தான் அவனுக்கு தொழில் நேரம். ராட்டினத்தில் தலைகீழாக சுற்றும்போது சட்டைப்பையில் இருந்து விழுகிற செல்போனுக்கு பிக்பாக்கெட்கூட தேவையில்லை. தண்ணீர் விளையாட்டுக்கு தங்கச் சங்கிலி வேண்டாம். வீட்டிலேயே கழற்றி வையுங்கள்.

பிள்ளை தொலைவதுதான் பெரிய தலைவலி. காணும் பொங்கல் அன்று மெரினாவில் போலீசார் குழந்தைகள் கையில் பட்டை கட்டிவிடுகிறார்கள். அதில் அப்பா அம்மாவின் செல்போன் நம்பர் இருக்கும். எத்தனையோ பிள்ளைகள் அதனால் சாயங்காலமே அம்மாவிடம் சேர்ந்திருக்கின்றன. போலீஸ் கட்டும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு சீட்டில் நம்பரை எழுதி பிள்ளையின் சட்டைப்பையில் போடலாம். தண்ணீரில் இறங்குவதென்றால் பால்பாயிண்ட் பேனாவால் முன்கையிலேயே எழுதலாம்.

ராட்டினம் நடுவில் நின்றுவிட்டால் பெல்ட்டை கழற்றாதீர்கள். குதிக்க பார்க்காதீர்கள். கம்பியைத் தூக்க முயற்சி செய்யாதீர்கள். ஈஞ்சம்பாக்கத்தில் 3 மணி நேரமும் அப்படி உட்கார்ந்திருந்தவர்கள்தான் அத்தனை பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101. எல்லா அவசரத்துக்கும் 112.